முதல் சிப்பி கொட்டியவனுக்கு

சலேத்தின் படகு பாறையில் மோதி, டேங்கிலிருந்த எண்ணெய் முழுவதும் ரீத்தம்மாளின் சிப்பிப் படுகையில் கொட்டியது. அறுவடை நெருங்கியிருந்த நேரம். டீசல் காலத்தில் இப்படித்தான் ஒருமுறை கொட்டி, ஆண்டுக்கணக்கில் அவளுடைய சிப்பியை நாய்கூட முகரவில்லை. இப்போது படகுகள் ஓடுவது கடல்நீரில் தானே சிதைந்துபோகும் பாசி எண்ணெயில். ஆனாலும் அவள் தினமும் படுகைக்குப் போய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்தாள்.

கொட்டியவனே ஐந்தாம் நாள் வந்து முதல் சிப்பியைத் தின்ன வேண்டும் என்பது அந்தக் கடற்கரையின் வழக்கம்.

"ஏல சலேத்து, பழைய டீசல் எதுவும் கலக்கலியே?" என்று கேட்டபடி அவள் ஒரு சிப்பியைப் பிளந்து நீட்டினாள்.

"கலந்திருந்தா இங்க வந்து நிப்பனா மதினி?"

சலேத் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

"இன்னொண்ணு குடுங்க."

"ஒண்ணுதான் வழக்கம். மிச்சத்துக்குக் காசு!" என்றாள். அவளுக்கு அந்த எண்ணெயைக் கைகூப்பி வணங்க வேண்டும்போல் இருந்தது.

திரும்பிப் போவதற்காக, பழுதுபார்த்த படகின் டேங்கை நிரப்ப சலேத் உபரிக் கேனைச் சாய்த்தான். மூடி சரியாகத் திருகப்படாததால் கடல்நீர் புகுந்து, உள்ளிருந்தது புளித்த கஞ்சிபோல் ஆகியிருந்தது.

"மதினி, இதுவும் கெட்டுப்போச்சே!"

"கடலுக்கு ஒரு நியாயம், உன் கேனுக்கு ஒரு நியாயமா?" என்று சிரித்தபடி ரீத்தம்மாள் துடுப்பை எடுத்துக் கொடுத்தாள்.