லிஜோவுக்குத் தெரிய வேண்டாம்

"மோளே, லிஜோகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. அவன் வாயில ஒண்ணும் தங்காது. ஊரெல்லாம் தண்டோரா போட்டுடுவான்."

தெரேசாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கப்பக்கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்தாள். இவ்வளவும் யாருக்கு என்று ஷைனி கேட்கவில்லை. கை சும்மா இருந்தால் அம்மா உடைந்துபோவாள்.

ரப்பர் ஷீட் விற்கப்போன கடையில் பப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்று காலையில் போன் வந்ததும், எர்ணாகுளத்திலிருந்து அடித்துப்பிடித்து வந்திருந்தாள் ஷைனி. கோட்டயம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். வயிற்றில் புற்றுநோய். ஆறு மாதமாகச் சிகிச்சை நடக்கிறது. நாளைக்கு ஆபரேஷன்.

நர்ஸ் வேலை பார்க்கிற மகளுக்கே தெரியாமல் மறைத்துவிட்டாரே மனுஷன்! சித்தப்பாவைத் துணைக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், அம்மா முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ அழுவேன்னுதான் சொல்லாம இருந்திருப்பார். இப்ப லிஜோவுக்கு என்னம்மா சொல்றது?"

"தியானத்துக்குப் போயிருக்கார்னு சொல்லு. அவனுக்கு என்ன புரியப்போகுது? எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்கிற பிள்ளை. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் துக்கம்னா என்னன்னே தெரியாது. ஒரு வகையில அதுவும் நல்லதுக்குத்தான்."

லிஜோவுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்தபோது, பதினைந்து வயதைத் தாண்ட மாட்டான் என்றார்கள். இப்போது முப்பத்தொன்று நடக்கிறது. சர்ச்சுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி செய்யும் இடத்தில் வேலை, மாதாமாதம் சம்பளம். வீட்டில் மட்டும் அவனுக்கு வயது ஏறவே இல்லை.

"கொஞ்ச நாளா இன்னும் சின்னக் குழந்தையாயிட்டான்," என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். "பப்பா வாலைப் பிடிச்சுக்கிட்டே திரியறான். தன் கட்டிலை விட்டுட்டு அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறான். வியாழக்கிழமை ஆனா லீவு போட்டுட்டு அவரோட கோட்டயம் போய் முட்டை பஃப்ஸ் தின்னுட்டு வரணும். இனி அவனை யாரு கூட்டிட்டுப் போவா?"

 ஷைனிக்குப் பப்பாவைவிடத் தம்பியை நினைத்துத்தான் பயமாக இருந்தது. தெரிந்தால் தாங்குவானா?

ஐந்து மணிக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"சேச்சி!" லிஜோ வாய் நிறையச் சிரிப்புடன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். "எப்ப வந்தே? பப்பா எங்கே?"

"தியானத்துக்குப் போயிருக்கார்டா. வர ஒரு வாரம் ஆகும்."

லிஜோ அவளைப் பார்த்தான். அம்மாவின் வீங்கிய கண்களைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அக்காவுக்கு மட்டும் கையைக் காட்டி அறைக்குள் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான்.

மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவளிடம் நீட்டினான். உள்ளே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. அத்தனையும் வியாழக்கிழமைகள். மாத்திரை அட்டைகளில் 'காலை', 'ராத்திரி' என்று லிஜோவின் கோணல் எழுத்து.

"ஆஸ்பத்திரியில இதைக் கேப்பாங்க, எடுத்துட்டுப் போ," என்றான் தாழ்ந்த குரலில். "அம்மாகிட்ட சொல்லாதேன்னு பப்பா சொன்னார். ஆறு மாசம் நான் சொல்லல. உன்னால ஒரு நாள்கூட முடியலையா சேச்சி?"