தையல் அலமாரியில் சட்டப் புத்தகம்

"மேடம், இந்த லைப்ரரியில யாரோ என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடுறாங்க."

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் லேபிள் சார். கையில் ஒரு மெல்லிய நீல அட்டைப் புத்தகம்.

நூலகத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வந்தவர் அவர். அந்தப் பட்டப்பெயர் அவர் மனைவி கொடுத்தது. உப்பு டப்பாவில் 'உப்பு', ஃபேன் ஸ்விட்சில் 'ஃபேன்' என்று ஒட்டுகிற மனுஷன், விட்டால் தூங்கும்போது என் நெற்றியில் 'மனைவி' என்று ஒட்டிவிடுவார் என்று அந்தம்மா சிரிப்பாராம்.

"என்ன ஆச்சு சார்?"

"சட்டக் கையேடு மேடம். வீட்டுல அடி உதை வாங்குற பொண்ணுங்களுக்கு எழுதினது. நான் சட்ட அலமாரியில வைக்கிறேன். மறுநாள் பார்த்தா தையல் அலமாரியில உட்கார்ந்திருக்கு. இப்பக்கூட அங்கேயிருந்துதான் எடுத்துட்டு வர்றேன். நாளைக்குப் பெரிய அதிகாரி வந்து ஒவ்வொரு அலமாரிக்கும் மெஷினைக் காட்டுவார். இடம் மாறின புத்தகம் ஒண்ணு இருந்தாலும் அது கத்தும். என் மானம் கப்பலேறிடும்."

"அதை அங்கே வச்சது நான்தான் சார்."

லேபிள் சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நீங்களா? எந்தப் புத்தகம் எங்கே இருக்குன்னு ஊருக்கே தெரியணும்னுதானே நான் ராப்பகலா மாடா உழைக்கிறேன்? மேலிடத்துக்கு எழுதிடுவேன் மேடம். அப்புறம் உங்க வேலை போச்சுன்னா என்மேல வருத்தப்படக் கூடாது."

"தாராளமா எழுதுங்க. கொஞ்ச நேரம் இப்படி உட்கார்ந்துட்டு எழுதுங்க."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் இருந்த பெண் இறங்கி உள்ளே வந்தாள். ஓட்டி வந்த கணவன் வாசல்படியிலேயே நின்றுகொண்டான்.

"தையல் புக்குதானே? சட்டுபுட்டுனு பார்த்துட்டு வா."

அவள் நேராகத் தையல் அலமாரிக்குப் போனாள். மேல்தட்டில் ஒவ்வொரு புத்தகமாக நகர்த்திப் பார்த்தாள். கையைத் தூக்கியபோது சட்டைக் கை சரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப் போயிருந்தது.

மறுபடி முதலிலிருந்து தேடினாள். பிறகு வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

"ஒண்ணும் எடுக்கலையா? இதுக்குத்தான் என் உயிரை வாங்கினியா?" என்ற குரலோடு ஸ்கூட்டர் கிளம்பியது.

லேபிள் சார் தன் கையில் இருந்த கையேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்ட அலமாரி வாசலுக்கு நேரே இருக்கு சார்," என்றார் நூலகர். "அங்கே போய் நின்னா அவன் கண்ணுல படும். அதான் தையல் பக்கம் நின்னு, வர்றப்பல்லாம் ரெண்டு பக்கம் படிச்சுட்டுப் போவா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வழியில்ல, லைப்ரரி கார்டு அவன் பேருல இருக்கு. நாளையிலேருந்து எந்தப் புத்தகம் எடுத்தாலும் அவன் போனுக்கே தகவல் போயிடுமாமே. உங்க ஏற்பாடுதான்."

லேபிள் சார் எழுந்தார். கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எழுதித்தான் கொடுக்கப் போகிறார் என்று நூலகர் நினைத்தார்.

மறுநாள் காலையில் பெரிய அதிகாரி வந்தார், மெஷினை எடுத்தார், அலமாரி அலமாரியாக நடந்தார். தையல் அலமாரியைப் பார்த்த நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்தட்டில் அந்த மெல்லிய புத்தகம் இருந்தது. இந்தத் தடவை வைத்தது அவரில்லை.

மெஷின் அதைத் தாண்டிப் போனது. சத்தமே வரவில்லை.

"பிரமாதம். ஒரு தப்புகூட இல்லையே," என்றார் அதிகாரி.

"ஒண்ணுகூட இல்லை சார்," என்றார் லேபிள் சார்.

சாயங்காலம் அந்த ஸ்கூட்டர் வந்தது. அவள் உள்ளே வந்ததும் லேபிள் சாரே புத்தகத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் பதிந்து நீட்டினார். வாசல் வரை கேட்கிற மாதிரி, "நீங்க தேடின தையல் புத்தகம் வந்திருக்கும்மா. வீட்டுக்கே எடுத்துட்டுப் போய் நிதானமாப் படிங்க," என்றார்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். சட்டென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் கணவனின் போன் ஒலித்தது. "'குழந்தைகள் உடை தைக்கும் முறை, பாகம் இரண்டு'," என்று அவன் சத்தமாகப் படித்தான். வெளியே வந்தவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி முதுகைத் திருப்பிப் பார்த்தான். லேபிளிலும் அதேதான். நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே நீல அட்டை.

"பரவாயில்லையே, எல்லாமே போன்ல வந்துடுது," என்றான். அதற்குமேல் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை அவன்.

ஸ்கூட்டர் போன பிறகு நூலகர் கேட்டார். "ஏன் சார், காலையில அதிகாரிகிட்ட ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னீங்களே?"

லேபிள் சார் விரலில் காய்ந்திருந்த பசையைத் தேய்த்து எடுத்தார்.

"ஆமா மேடம். அந்தப் புத்தகம் இப்பதான் சரியான இடத்துல இருக்கு."