லோஷினியின் வரிகள்

“இன்னிக்கும் பதிவு செஞ்ச ட்ராக்கைப் போட்டு வாயசைக்கணும்னா நான் மேடை ஏற மாட்டேன்.”

லோஷினி மைக்கை மேசை மேல் வைத்தாள். ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தா ஊர் மண்டபத்தில் தொலைக்காட்சி நேரலை தொடங்கப் பத்து நிமிடமே இருந்தது.

“இந்த ஒரு தடவை லா,” என்று கெஞ்சினாள் அவளோடு ஜோடியாகப் பாடும் தனலெட்சுமி.

“ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்ற. எங்க ஊரு சாஆவுல சாப்பாட்டுக் கடைக்குப் போனா, ‘வாய் இங்க, பாட்டு எங்க?’ன்னு கேலி பண்றாங்க. உனக்குப் பயம்னா நீ வாயசை. நான் பாடுறேன்.”

தனலெட்சுமி தலைகுனிந்தாள். லோஷினி விறுவிறுவென்று ஒலிக்கருவி பார்க்கும் மகேஸ்வரனிடம் போனாள். இந்த ஜோடியின் பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்தவரும் அவர்தான்.

“அண்ணே, ட்ராக் வேணாம். ரெண்டு மைக்கையும் திறந்துவிடுங்க.”

“திறக்கலாம்மா. ஆனா தனம் ஒருத்தியே ரெண்டு பேர் வரியையும் எப்படிப் பாடுவா?”

“என் வரியை நான் பாடுவேன்.”

மகேஸ்வரன் விழித்தார். “நீ பாடினது சுருதி சேரலைன்னு நீக்கிட்டோமே! நீ கிளம்பினப்புறம் தனம்தான் அதையும் பாடிக் கொடுத்துச்சு. உனக்குத் தெரியாதா?”

“பொய்! பதிவுல கேட்டா யார் குரலும் வேற மாதிரிதான் இருக்கும்னு தனம்தானே சொன்னா...”

அதற்குள் நேரலை தொடங்கவே, யாரோ அவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். ட்ராக் ஓடத் தொடங்கியது.

அவள் வரி வந்தது. அது தனலெட்சுமியின் குரல் என்று இப்போதுதான் அவள் காதுக்குத் தெரிந்தது. ஜொகூரே பார்த்துக்கொண்டிருக்க, லோஷினி வாய் திறக்காமல் நின்றாள். பாட்டு கணீரென்று போய்க்கொண்டே இருந்தது.