இரண்டாவது பேட்ச்

ஆரி எம்பிராய்டரி வகுப்பு தொடங்குவதற்காக, கொரட்டூர் ரேணுகா தானே ஒரு வெப்சைட் செய்தாள். எங்கெங்கோ விளம்பரம் போட்டும் ஒருவரும் சேரவில்லை. ஆனால் தினமும் காலை பத்தே முக்காலுக்கு யாரோ ஒருவர் அதில் ‘இரண்டாவது பேட்ச்’ என்ற பக்கத்தைத் திறக்கப் பார்ப்பதாக வெப்சைட்டின் பார்வையாளர் கணக்கு காட்டியது. அப்படியொரு பக்கமே அதில் இல்லை.

வெப்சைட் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள்.

“அது ஆள் இல்ல மேடம், மெஷின். கண்டுக்காதீங்க,” என்றான் கிரண்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை உருவாக்கி, ‘இடம் இருக்கிறது, வரலாம்’ என்று வீட்டு முகவரியையும் போட்டாள்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் நின்றாள்.

“எவ்ளோ நாளா பாத்துகினு கீறேன் டீச்சர், இப்பதான் தொறந்தீங்க!”

“முன்னாடி எங்கயாவது கத்துக்கிட்டிருக்கீங்களா?”

“இன்னா டீச்சர், உங்க ஃபர்ஸ்ட் பேட்ச்லதான்!”

பையிலிருந்து பாதி முடிந்த ரவிக்கைத் துணியை எடுத்து நீட்டினாள். ரேணுகா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நூலை முடிச்சுப் போட்டிருந்த விதம் ரேணுகாவுடையதேதான். அதை அவள் இன்னும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“உள்ள வாங்க,” என்றாள்.

அந்தப் பெண் உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்விட்சைத் திரும்பிப் பார்க்காமலே தடவி, ஃபேனைப் போட்டாள்.