நாற்பது வாக்கு வாங்கிய கிளி

கடல் தாண்டி வந்த கிளி ஒன்று ஒரு காட்டில் தங்கியது. அதற்கு ஸ்பானிஷில்தான் பாட வரும். காட்டு மொழியைத் திக்கித் திக்கித்தான் பேசும்.

அந்தக் காட்டில் தானியமெல்லாம் பொது. யார் பாட்டுக்கு எவ்வளவு என்று பறவைகள் வாக்களிக்கும். ஒரு வாக்குக்கு ஒரு குழி என்று மரங்கொத்தி தேக்குமரத்தில் கொத்தி வைக்கும். கொத்தியதை யாராலும் அழிக்க முடியாது.

"ஸ்பானிஷ் பாட்டையும் நாம வளர்க்கணும்" என்று பறவைகள் கூடி முடிவெடுத்தன. அதில் அவற்றுக்கு ரொம்பப் பெருமை. அன்றிலிருந்து கிளி பாடினால் நாற்பது வாக்கு, நாற்பது தானியம்.

ஒருநாள் கிளி, "இந்த மொழி புரிகிறவர் யாராவது இருந்தால் ஒரு குரல் கொடுங்கள்" என்று பாடியது. குரல் எதுவும் வரவில்லை. நாற்பது வாக்கு விழுந்தது.

கிளி மரங்கொத்தியிடம் போனது.

"அண்ணே, நான் பாடினதை யார் கேட்டாங்க?"

"கேக்குறதா? நீ வாயைத் திறந்தா வாக்கைக் கொத்திடச் சொல்லி எல்லாரும் எப்பவோ சொல்லிவெச்சுட்டாங்க. அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை."

"நீங்களாவது கேட்டீங்களா?"

"கொத்துற சத்தத்துல எனக்கு என்னம்மா கேக்கும்? ஏன், தானியம் குறையுதா?"

"இல்லண்ணே. நிறையவே இருக்கு."

மறுநாள் காலையில் கிளி கிளையில் வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. ஒன்றும் பாடாமல் மூடிக்கொண்டது.

டொக், டொக் என்று மரங்கொத்தி ஆரம்பித்தது. கிளி அதைத் தன் மொழியில் நாற்பது வரை எண்ணியது.