ஆஃப்சைடு மாப்பிள்ளை

"மாப்பிள்ளைத் தம்பி, ஆஃப்சைடுன்னா என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

அஃப்ராகோமா பெரியம்மா இப்படிக் கேட்டதும் டார்க்வா நாற்காலி நுனிக்கு வந்தான். செர்வாவைக் கட்டினால்தான் கல்யாணம், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு குமாசியிலிருந்து ஊர் வழக்கப்படி பெண் கேட்டுக் கதவு தட்ட வந்திருந்தான். கொண்டுவந்த இரண்டு ஜின் பாட்டில்களும் மேசை மேல் இருந்தன. பெண் வீட்டார் பாட்டிலைத் திறந்தால் சம்மதம். திறக்காமல் திருப்பிக் கொடுத்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த வீட்டில் திறப்பதும் திருப்புவதும் செர்வாவின் பெரியம்மா கையில். சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் ஊரில் யாரும் கிடையாது. ஊர் ஃபுட்பால் டீமான 'யானைகள்' ஆடினால் கடைக்குப் பூட்டு.

மூக்கில் வழுக்கிய தடித்த கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு டார்க்வா இழுத்தான். "ஆஃப்சைடா... பந்து கோட்டுக்கு வெளியே போயிட்டா, அதானே பெரியம்மா?"

"ஆகா! கேட்டியா செர்வா? கணக்கு வாத்தியாராம்! கானா முழுக்கச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் இப்படி ஒரு அறிவுக்கொழுந்து கிடைக்குமா?"

செர்வா தலையைக் குனிந்துகொண்டாள். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

பெரியம்மா விடவில்லை. மேசையிலிருந்த மிளகாய்த்தூள் டப்பாவை நடுவில் வைத்தாள்.

"இது எதிராளி. அந்தத் தம்ளர் கோல்கீப்பர். நீங்க கொண்டாந்த பாட்டில், நம்ம டீம் இசாக்கா. நம்ம பய ஒருத்தன் இவனுக்குப் பந்தை உதைக்கிற நேரத்துல, இவனுக்கும் கோலுக்கும் நடுவுல எதிராளி ரெண்டு பேர் இருக்கணும். டப்பாவுக்குச் சரிசமமா நின்னாலும் குத்தமில்லே. தாண்டி நின்னா ஆஃப்சைடு. மண்டையில ஏறுதா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, பெரியம்மா."

"ஏறட்டும், அவசரமில்லே. போன வருஷம் ஃபைனல்ல இசாக்கா எங்க நின்னான் தெரியுமா? இங்கே!" என்று பேச்சு வேகத்தில் பாட்டிலை நகர்த்தினாள். அது டப்பாவைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

டார்க்வாவின் வலது கை சட்டென்று மேலே போனது.

"என்ன தம்பி?"

"கொசு, பெரியம்மா." கையை இறக்கினான். செர்வாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"கோல் போட்டான் எங்க இசாக்கா. ஊரே எழும்பி ஆடுச்சு. கோட்டோரம் ஓடிட்டிருந்த கொடிக்காரன், விளங்காத பய, கொடியைத் தூக்கிட்டான்! கோப்பை போச்சு. 'குருட்டுப் பயலே, கண்ணாடி வாங்கிப் போடுடா'ன்னு கத்தினதுல எனக்குக் குரலே கட்டிப் போச்சு. கடையில கைஜாடையிலதான் பேரம் பேசினேன்."

"பாவி! நல்லா இருப்பானா அவன்?" என்றான் டார்க்வா.

பெரியம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "தம்பி, உங்களுக்கு ஆஃப்சைடு பத்தி ஒரு மண்ணும் தெரியலே. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லாம் தெரிஞ்ச மேதாவிங்க கொடியைத் தூக்கிக்கிட்டுத் திரியறதைத்தான் பார்த்தோமே!"

சொல்லிவிட்டு இசாக்காவின் கழுத்தைத் திருகித் திறந்தாள். முன்னோருக்கென்று தரையில் கொஞ்சம் ஊற்றினாள். "பொண்ணு உங்களுக்குத்தான். உட்காருங்க, ஃபுஃபு களி ஆறிடப் போகுது."

வயிறார உண்டு கிளம்பியபோது, வழியனுப்ப வந்த செர்வா வாசலில் கிசுகிசுத்தாள். "அப்பாவி வேஷம் எல்லாம் பிரமாதம். ஆனா அந்தக் கையைத் தூக்கினீங்க பாருங்க, எனக்கு உயிரே போயிடுச்சு!"

"என்ன பண்றது? பழக்க தோஷம்." டார்க்வா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். "மத்தபடி, அன்னிக்கு மைதானத்துல உங்க பெரியம்மா கத்தினபடியே கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டுத்தானே வந்தேன்!"