கடைசிப் பலகையிலிருந்து

"டேய் ஆதன், அங்க இல்லடா!"

மகன் ஓடிப்போய் நின்றது கடைசிப் பலகை முன்னால்.

அப்பன்காரன் பின்னாலேயே ஓடினான்.

பூங்கா நெடுகக் குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு பக்கம் என்று ஒரு கதையை நிறுத்தியிருந்தது நூலகம். மேலே தமிழ். கீழே ஆங்கிலம். குழந்தையோடு நடந்துகொண்டே படிக்க வேண்டும். பெற்றோர்கள் நுழைவுத்தேர்வுக்கு வந்த முகத்தோடு வந்திருந்தார்கள்.

அவனுக்கு மார்க் எல்லாம் வேண்டாம். மகனுக்கு ஒரே ஒரு கதையை முடித்துக் காட்டினால் போதும்.

இரண்டு வருடமாக வீட்டில் ஒரே முயல் புத்தகம். தமிழில் அவன் படிப்பான். ஆங்கிலத்தில் மனைவி படிப்பாள். நிலா வரும் பக்கம் வந்ததும் மகன் புத்தகத்தைப் பிடுங்கி, கீழே போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அலறுவான்.

கதை முடிந்தால் முயல் தூங்கும். முயல் தூங்கினால் லைட்டை அணைப்பார்கள்.

இரண்டு மொழியிலும் இதே சதி.

இப்போது கடைசிப் பலகையில் ஒரு யானைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் நிலா.

மகன் நிலாவைப் பார்த்தான். அவன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரானான்.

"இங்கேருந்து," என்றான் மகன்.

நிலா வந்தது, யானைக்குட்டி தூங்கியது என்று பயந்துகொண்டே அவன் படித்தான். மனைவி அதையே ஆங்கிலத்தில் இன்னொரு முறை தூங்க வைத்தாள்.

அலறல் வரவில்லை.

வெயில் சுள்ளென்று அடித்தது. அணைப்பதற்கு லைட் எதுவும் இல்லை.

அடுத்த பலகைக்கு, அதாவது முந்தைய பலகைக்கு, மகன் இழுத்துக்கொண்டு போனான்.

யானைக்குட்டி ஆற்றில் குளித்தது. அதற்கப்புறம் சேற்றில் புரண்டது.

மகனுக்கு இந்த வரிசை ரொம்ப நியாயமாகப் பட்டது.

வயிறு முட்டப் பழம் தின்றது. அதற்கப்புறம் பசித்தது.

இதுவும்.

எதிர்த்திசையில் குடும்பங்கள் வந்தன. ஒருவர் மகளிடம் எலிஃபன்டுக்கு ஸ்பெல்லிங் கேட்டுக்கொண்டே வந்தார். மகள் ஆதனைப் பொறாமையோடு பார்த்தாள்.

நூலகத் தொப்பி போட்ட பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், ராங் ரூட்ல வர்றீங்க. இது ஒன்வே சார்."

"எங்களுக்குக் கதை நல்லாத்தாம்மா போகுது," என்றாள் மனைவி.

முதல் பலகை.

சூரியன் வந்தது. யானைக்குட்டி கண்ணைத் திறந்தது.

தமிழில் திறந்தது. ஆங்கிலத்தில் திறந்தது. மகன் எதையும் பிடுங்கவில்லை. எதன் மேலும் உட்காரவில்லை. கடைசி வார்த்தை வரை வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே நின்றிருந்த சொல்லை அவன் வெளியே விட்டான்.

"முற்றும்!"

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முதல் பலகைக்கு அப்போதுதான் வந்து வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள். ஒரு அம்மா குழந்தைக்குச் செருப்பு மாட்டிக் கிளம்பியே விட்டார்.

அவன் அசையவில்லை. கோப்பை வாங்கியவன் மாதிரி நின்றான். மனைவி கை தட்டினாள்.

"இன்னொண்ணு," என்றான் மகன்.

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள்.

இன்னொரு கதை இரண்டு பேரிடமும் இல்லை. இதுவரை தேவைப்பட்டதே இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், ஒரு நாய் சுருண்டு கிடந்தது.

"ஒரு நாய்," என்று ஆரம்பித்தான். "நல்லாத் தூங்கிட்டு இருந்துச்சு."

மகன் அவன் விரலை இறுக்கிப் பிடித்தான்.

நாய் ஒரு காதை மட்டும் தூக்கியது.